தாய்மாமன் மடியும் முழங்கால் ஜவ்வும்

ஓசூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை சிவராஜ் அவர்களுக்கு,

பொங்கலிலிருந்து வாய் திறக்காமல் இருந்தது போதும் என்று முடிவு செய்து இதை எழுதுகிறேன். அதற்கு முன் முறைப்படி: நான் நலமில்லை. நீங்களும் என் தங்கை சரிதாவும் குழந்தை ஸ்வாதியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்கே கேட்க வைப்பீர்கள் என்பதால் கடிதம்.

உங்கள் குடியிருப்புப் பொங்கல் விழாவில் கயிறு இழுக்க நான் பெயர் கொடுக்கவில்லை. "மச்சான், கம்பெனியில உக்காந்தே சம்பளம் வாங்குறீங்க, ஒரு நாளாவது இழுங்க" என்று மைக்கில் கூப்பிட்டது நீங்கள். கயிற்றின் கடைசியில் அசையாமல் நிற்க வேண்டிய நீங்கள், வேட்டி அவிழ்கிறது என்று இரண்டு கையையும் எடுத்தீர்கள். வேட்டி பிழைத்தது. என் வலது கால் மண்ணில் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் எதிரணியோடு போனது. முழங்காலுக்குள் 'டப்' என்று கேட்டது. உங்களுக்குக் கைதட்டல் மட்டும்தான் கேட்டதாம்.

அத்தோடு விட்டீர்களா? "சுளுக்குதான் மச்சான், உருவி விட்டா ஓடிடும்" என்று பாகலூரிலிருந்து சுளுக்கெடுக்கும் திம்மராயனை வரவழைத்தீர்கள். அவர் நல்லெண்ணெயைச் சுடவைத்து உருவினார், பிறகு முட்டை வெள்ளைக்கருவில் கட்டுப் போட்டார். விடிந்து பார்த்தால் முழங்கால் கோஸ் அளவுக்கு வீங்கியிருந்தது; பக்கத்து வீட்டுப் பூனை என் கட்டிலை விட்டு நகர மறுத்தது. கடைசியில் ஸ்கேன் எடுத்தால் ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது. பிசியோதெரபி செய்கிற தர்ஷினி, என் மகள் வயதுப் பெண், "புதுசா அடிபட்ட கால்ல சூடு வெச்சு உருவுனது யாருங்க சார்? ஐஸ்தானே வெக்கணும்" என்றாள்.

"எங்க மாப்பிள்ளை ஏற்பாடும்மா."

"அவரு டாக்டருங்களா?"

"இல்ல, பர்ச்சேஸ் மேனேஜர்."

அவள் சிரிப்பை மறைக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். ஆபரேஷன் வேண்டாம், தொடைத் தசை வலுவானால் ஜவ்வுக்குச் சுமை குறையும் என்று, முழங்காலுக்கடியில் துண்டைச் சுருட்டி வைத்து தினமும் அழுத்தச் சொன்னாள். அழுத்துகிறேன். உங்களை நினைத்துக்கொண்டால் நன்றாக அழுந்துகிறது.

இதையெல்லாம்கூட மன்னித்திருப்பேன். ஆனால் போன வாரம் சரிதா வந்து, "அண்ணா, காதுகுத்துக்கு உன்னால கீழ உக்கார முடியாதில்ல, மாதவன் மடியில வெச்சுக்கட்டும்னு இவரு சொல்றாரு. நீ பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்கோ" என்கிறாள். மாதவன் எங்கள் சித்தப்பா மகன். பத்தாம் வகுப்பில் என் விடைத்தாளைப் பார்த்து எழுதி என்னைவிட அதிக மார்க் வாங்கியவன். அதையே நான் இன்னும் மறக்கவில்லை. உடன்பிறந்த அண்ணன் நான் மொய் வைக்க வந்தவன் மாதிரி ஓரமாக உட்கார்ந்திருக்க, ஸ்வாதி அவன் மடியிலா அழ வேண்டும்? அழுதாலும் அவள் என் மடியில்தான் அழ வேண்டும். குந்தாரப்பள்ளி மண்டபத்தில், எல்லாரும் பார்க்க, தரையில் சம்மணம் போட்டு உட்காருவேன். இனி என்னிடம் நாற்காலி என்ற பேச்சையே எடுக்காதீர்கள்.

ஸ்வாதிக்கு ஆயுளும் அறிவும் பெருகட்டும். சரிதாவுக்கு அண்ணனின் ஆசி. முறை என்று ஒன்று இருப்பதால், உங்களுக்கும் ஆசி.

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதிவிட்டுச் சம்மணம் போட்டுப் பார்த்தேன். உட்கார முடிந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தூக்கினார்கள். தர்ஷினிக்குப் போன் செய்தால், "முழுசா மடக்காதீங்கன்னு எத்தனை வாட்டி சார் சொல்றது? சேர்ல உக்காந்து பாப்பாவை மடியில வெச்சுக்குங்க, காது குத்துறவரு நின்னுக்கிட்டுக் குத்தட்டும்" என்கிறாள். ஆகவே நாற்காலி போடுங்கள். கைப்பிடி இல்லாததாக இருக்கட்டும், குழந்தையை வைத்துக்கொள்ள வசதி. மாதவன் வேண்டுமானால் பக்கத்தில் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். நாற்காலிக்கு நானே ஒப்புக்கொண்டேன் என்று நாளைக்கு இதை யாரிடமும் எடுத்துக் காட்ட உங்களால் முடியக் கூடாது. அதனால் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.