கூண்டுக்குள் உட்கார்ந்த உதயா

தின்கன்ஜூன், ரங்கூன்.
வியாழக்கிழமை.

கனடாக் குளிரோடு குடித்தனம் நடத்தும் அன்பு மைத்துனர் குழந்தைவேலு அவர்களுக்கு, அய்யாசாமி கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். கரண்ட் இருக்கும் நேரங்களில் என் ஃபேனும் நலம். அங்கு நீங்களும் தங்கச்சி கமலாட்சியும் உங்கள் முழங்கால்களும் சௌக்கியமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிடுவீர்கள். இந்த முகத்தை இப்போது யாருக்கும் காட்டுவதாக இல்லை.

தாயில்லாப் பிள்ளை என்று ஆறு வயதில் என் மகன் உதயாவை உங்களிடம் அனுப்பினேன். பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தீர்கள், அதை நான் மறக்க மாட்டேன். ஆனால் மச்சான், படிக்கவைத்து ஏதாவது ஆபீசில் உட்கார வைப்பீர்கள் என்று பார்த்தால், உதயசூரியன் என்று பெயர் வைத்த பிள்ளையைக் கொண்டுபோய் ஐஸின் மேல் விட்டீர்கள். ஹாக்கிதானே, போகட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அதிலும் கோல் போடுகிற வேலை இல்லையாம், டிஃபென்ஸாம். அதாவது வருகிறவனை மறிப்பது, அவனைச் சுவரோடு சேர்த்து அப்புவது, பறந்து வரும் ரப்பர் வட்டுக்கு முன்னால் தன் உடம்பைக் கொண்டுபோய்ப் போடுவது. பெயர் வாயில் நுழையாத ஊர்களின் டீம்களுக்காகப் பஸ்ஸிலேயே பாதி நாட்டைச் சுற்றினான். முன்பல் இரண்டைப் பறிகொடுத்தான், தோளில் கம்பி வைத்தார்கள், கடைசியில் இடுப்பு ஒத்துழைக்காமல் போகவே அப்போது ஆடிய டீமிலேயே இளவட்டங்களுக்குக் கோச் ஆனான். இத்தனை வருஷத்தில் அவன் அனுப்பிய வீடியோ எதைப் போட்டாலும், கொஞ்ச நேரத்தில் ஓரத்தில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் அவனைத் தனியாக உட்கார வைத்துவிடுகிறார்கள். தப்பாட்டத்துக்குத் தண்டனையாம். நம் காலத்துப் பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றுவார்களே, அந்த மாதிரி.

இதை நான் வெளியில் எப்படிச் சொல்வது? டீக்கடையில் ஒருநாள் வீடியோவை எட்டிப் பார்த்தவர்கள், மகன் ஏன் அங்கே தனியாக உட்கார்ந்திருக்கிறான் என்று கேட்டார்கள். என் நாக்கில் சனி. முக்கியமான ஆட்டக்காரர்களுக்குத் தனி இருக்கை என்று சொல்லிவிட்டேன். கண்ணாடி எதற்கு என்றார்கள். ரசிகர்கள் தொல்லை என்றேன். அன்றிலிருந்து டீக்கடையில் என் நாற்காலியை யாராவது துடைத்துப் போடுவார்கள். அதுவும் நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

போன மாதம் அவன் லீவில் வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? கோயிலுக்குப் பின்னால் உள்ள சிமெண்ட் தரையில் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, மூங்கில் கழியையும் நசுக்கிய பால் டப்பாவையும் வைத்து ஆட்டம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். பிள்ளைகள் அவனைச் சயா, சயா என்று சுற்றிச் சுற்றி வந்தார்கள். அப்பன் ஆத்தாக்களும் கையைக் கட்டிக்கொண்டு சயா என்றார்கள். இந்த ஊரில் சயா என்கிற வாத்தியாரைச் சாமிக்கு அடுத்தபடி வைப்பது உங்களுக்குத் தெரியாததா? முன்பல் இல்லாத வாயால் அவன் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூண்டு கீண்டு எல்லாம் எனக்கு மறந்தே போயிற்று.

அதோடு விட்டிருக்கலாம். கோயில் கமிட்டித் தலைவர் ராமசுப்பிரமணியன் போன ஞாயிறு பூஜை முடிந்ததும் அவனுக்கு மாலை மரியாதை என்று ஏற்பாடு செய்துவிட்டார். ஜெனரேட்டர் சத்தத்தில் மைக் வைத்திருப்பவன் பேச்சு மட்டும்தான் காதில் விழும். மைக் என் கையில். அவன் என் காதருகே குனிந்து இங்கிலீஷில் சொல்லுவான், நான் தமிழில் சபைக்குச் சொல்ல வேண்டும். நான் பெரிய ஆட்டக்காரன் இல்லை, மற்றவர்களைத் தடுப்பதுதான் என் வேலை, தண்டனைக் கூண்டில் நிறைய உட்கார்ந்திருக்கிறேன், அங்கே உட்கார்ந்துதான் ஆட்டத்தையே கற்றுக்கொண்டேன் என்று அவன் சொன்னான். நானோ, என் பிள்ளை கோலாகப் போட்டுத் தள்ளியவன், பல வருஷம் கேப்டன், கவர்னரே எழுந்து நின்று கைகொடுத்தார் என்று சொன்னேன். கைதட்டல் ஏற ஏற நானும் ஏறிக்கொண்டே போனேன். அவன் பேசி முடித்த பிறகும் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சயாமா புஷ்பா எழுந்தார். ரிட்டயரான கணக்கு டீச்சர். எதையும் சரிபார்க்காமல் விடமாட்டார். கையிலிருந்த போனைப் பார்த்து உதயாவிடம் கேட்டார்.

"தம்பி, இதுல வேற மாதிரில்ல போட்டிருக்கு. கோல் கைவிரலுக்குள்ள அடங்கிப் போகுது. தண்டனைதான் பக்கம் பக்கமா வருது. கேப்டன்னு எங்கயும் காணோமே."

என்ன சொல்லலாம் என்று தேடினேன். ஆயுசில் முதல்முறையாக எனக்கு ஒரு பொய்யும் கிடைக்கவில்லை. உதயா மெதுவாக மைக்கை என் கையிலிருந்து வாங்கினான். வாங்கி, மச்சான், தமிழில் பேசினான்.

"அப்பா மேல தப்பு இல்லீங்க. நான்தான் அவருகிட்ட பெருசு பெருசா பொய் சொல்லி வச்சிருந்தேன். அவரு நம்பிட்டாரு."

நீங்களும் தங்கச்சியும் வீட்டில் தமிழிலேயே பேசி அவனை வளர்த்தீர்கள் என்பதை எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? போனிலும் சரி, இங்கே வந்தும் சரி, என்னிடம் நல்லா இருக்கேன்பா, சாப்பிட்டேன்பா என்பதற்கு மேல் அவன் பேசியதில்லை. ஆறு வயதுத் தமிழில் இவனுக்கு மிச்சம் அவ்வளவுதான் என்று இருந்துவிட்டேன். நான் அளந்த ஒவ்வொன்றையும் அவன் மாலையோடு பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறான். அவன் உள்ளபடி இருப்பது அப்பனுக்குப் போதவில்லை என்பதையும் சேர்த்துத்தானே கேட்டிருப்பான்?

டாக்சியில் வரும்போது ஏனப்பா அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான்: "எங்க ஆட்டத்துல கோல்கீப்பர் தப்பு பண்ணா அவரு கூண்டுக்குப் போக மாட்டாருப்பா. அவருக்குப் பதிலா வேற ஒருத்தன் போயி உக்காருவான். நான் நெறைய வாட்டி போயிருக்கேன்." மத்தியானம் சோறு நன்றாக இருக்கிறது என்றான்.

மறுநாளிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. பொய் சொல்கிறவனிடம் எப்படி அனுப்புவது என்று பெற்றவர்கள் கேட்கிறார்களாம். கொஞ்சம் யோசிப்போம் என்று தலைவர் சொல்லியனுப்பினார். சயா என்று கூப்பிட்ட வாய்கள் எல்லாம் இப்போது அந்தக் கனடாக்காரன் என்கின்றன. அவன் மட்டும் தினமும் காலையில் மூங்கில் கழிகளைச் சுமந்துகொண்டு போகிறான், அந்தச் சிமெண்ட் தரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறான், திரும்பி வருகிறான். மழை வர்ற மாதிரி இருந்துச்சுப்பா, அதான் யாரும் வரலை என்று எனக்கே சமாதானம் சொல்கிறான். மூன்று நாளாக வெயில் மண்டையைப் பிளக்கிறது.

வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசுகிறது, மச்சான். பிள்ளையை நினைத்து இத்தனை வருஷம் வெட்கப்பட்டேனே, அந்த வெட்கத்தை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன். ஒரு முடிவு செய்துவிட்டேன். வருகிற ஞாயிறு பூஜை முடிந்ததும் எழுந்து நின்று, அத்தனையும் என் வாய்க்கொழுப்பு, என் பிள்ளை சொக்கத்தங்கம் என்று சபையில் சொல்லிவிடப் போகிறேன். டீக்கடைக் கதையையும் சொல்லாமல் விடப்போவதில்லை. அவனை வளர்த்தவர் என்ற முறையில் நீங்களும் தலைவருக்கு நாலு வரி எழுதிவிடுங்கள். அவன் ஊருக்குத் திரும்புவதற்குள் அந்தப் பிள்ளைகள் ஒருமுறையாவது அவனைச் சயா என்று கூப்பிட வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

தங்கச்சிக்கு என் ஆசிகள். வழுக்குகிற தரையில் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். அம்மன் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும், எனக்குக் குட்டையான நாக்கையும் தரட்டும்.

தலைகுனிந்து,
அய்யாசாமி

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கையோடு அங்கே கொண்டுவர வேண்டியவருக்கு இன்னும் விமானம் அமையவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைச் சங்கதியையும் எழுதிவிடுகிறேன். நான் எழுந்து நின்றேன். ஒன்று விடாமல் சொன்னேன், அழுதேன்கூட. கடைசியில் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெத்த மனசுங்க இது. பிள்ளை பண்ணின தப்பைத் தன் தலையில போட்டுக்கிறாரு பாருங்க" என்றார். இல்லை, சத்தியமாக நான்தான் என்றேன். சொல்லச் சொல்ல இன்னும் அழுதார்கள். சயாமா புஷ்பா என் காலைத் தொட வந்துவிட்டார். பொன்னாடை போர்த்தினார்கள். அதை எடுத்து எறிந்திருக்க வேண்டிய கை, கும்பிடு போட்டது. நீங்கள் தலைவருக்கு எழுத வேண்டாம். எழுதினாலும் நான் சொல்லிக்கொடுத்தேன் என்பார்கள். இவ்வளவு நல்ல மனுஷனிடம் என்றால் பிள்ளைகளை அனுப்புகிறோம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். நாளையிலிருந்து நான்தான் கோச். பையனை என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, "கூடமாட இருக்கட்டும், அப்பாவைப் பாத்துத் திருந்தட்டும்" என்றார் தலைவர். உதயா பின்வரிசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் சரி என்று சொல்லிவிட்டேன், மச்சான்.