நாற்பத்தோராவது நிறுத்தப் பெரும்போர்

வாழ்க ஜன்னலார்! விசைப்பலகை வேந்தர், பிழைச்செய்தி படியாப் பெருந்தகை, பிறரிடம் ஐயம் வினவுதல் இழிவென்று பதினோரு மாதமாய் ஜன்னலோர இருக்கையைத் தக்கவைத்த தனிப்பெரும் மறவர் வாழ்க! நாவே, அவர் புகழ் பாடு. பொய் கலந்தாலும் பாதகமில்லை, அவரே அப்படித்தான் பாடிக்கொள்வார்.

அவ்வலுவலகத்து அறம் ஒன்றுண்டு: தன் நிரலின் பிழையைப் பார்க்கச் சொல்லிப் பிறரை அழைப்பவர் எவரோ, அவர் ஜன்னலைத் துறந்து கழிப்பறைக் கதவருகே அமர்தல் வேண்டும்.

அன்று அவருக்கு வாய்த்த பணி, பேருந்துத் தடமொன்றின் நாற்பது நிறுத்தங்கள் அடங்கிய பட்டியலின் வாலில் இன்னொரு நிறுத்தத்தை ஒட்டுவது. "டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிடுறேன்!" என்று முழங்கி, பட்டியலை எழுதி, இணைப்புக் குறியிட்டு, அதன் வலப்புறம் அந்நிறுத்தத்தின் பெயரை வெறுமனே நட்டு ஓட்டினார். அந்தோ! நிரலைக் கணினிமொழிக்குப் பெயர்க்கும் கம்பைலர் குருதி நிறத்தில் சீறியது: பட்டியலோடு பட்டியலே இணையும், நீ தந்ததோ ஒற்றைப் பெயர்.

படித்தாரா? படிப்பாரா நம் பெருந்தகை! மதங்கொண்ட களிறு மதிற்கதவை மோதுவதுபோல் அதே வரியை ஒன்பது முறை ஓட்டி, கணினியை அணைத்து எழுப்பி, கம்பைலரையே பெயர்த்தெறிந்து மறுபடி நிறுவி, முகம் கழுவி வந்து, அம்மொழியைப் படைத்தவனின் ஏழு தலைமுறையையும் ஏசி, டீயில் ஆடை படர்ந்த வேளையில், அரியணை அதிர எழுந்து கர்ச்சித்தார்:

"இந்தக் கம்பைலருக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு! எல்லாரும் வந்து பாருங்க!"

அழைத்தாயிற்று. ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல். அறையே திரண்டு வந்தது. கதவருகே பதினோரு மாதம் மூக்கைப் பொத்திப் பணியாற்றிய சோதனைப் பொறியாளர் அம்மையாரும் வந்து திரையை நோக்கினார்.

"அதுலயே எழுதியிருக்கேண்ணா. அந்தப் பேரைச் சதுர அடைப்புக்குள்ள போடுங்க, அதுவும் பட்டியலாயிடும்."

"ஒண்ணே ஒண்ணு இருந்தா அது எப்படிம்மா பட்டியல்?"

"ஒத்த ஆளு ஏறினாலும் அது பஸ்தானே?"

இருபுறமும் அடைப்புக்குறி இட்டார் மறவர்; நாற்பத்தொன்றும் சாதுவாய் அணிவகுத்தன. வெற்றி! விண்ணோர் பூமாரி பொழிந்தனரா என்று அண்ணாந்தார், மின்விசிறிதான் சுற்றியது.

அம்மையார் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, "எழுந்திருங்கண்ணா" என்றார்.