ஒட்டுப்போடாத குரூப் போட்டோ

பேரன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மனைவியின் அண்ணன், போட்டோக்காரன், வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீங்களும் என் தங்கையும் குழந்தைகளும், உங்கள் மருத்துவமனை வாசலில் மூக்கொழுக நிற்கும் அத்தனை பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். நிற்க. ஜெயித்துவிட்டேன் மாப்பிள்ளை! இரண்டாம் வகுப்பு மொத்தமும் ஒரே படத்தில்! ஒரு தலைகூட ஒட்டுப்போடவில்லை!

பாதிக்கதை உங்களுக்குத் தெரியும், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் நெஞ்சு ஆறும். இந்தப் பிள்ளைகள் பெருந்தொற்றுக் காலத்தில் பூட்டிய வீட்டுக்குள் வளர்ந்ததுகள். பாலர் வகுப்பையே போனில் கட்டம் கட்டமாகப் பார்த்துப் படித்ததுகள். அதனால் ஒரு படத்திலாவது எல்லோரும் சேர்ந்து நிற்க வேண்டும் என்று அவர்களுடைய டீச்சருக்கு ஆசை. தலைமையாசிரியையோ, "வராத பிள்ளைங்களைத் தனியா எடுத்து ஒட்டிடுங்களேன், கத்தரி அப்படித்தான் செய்றாராம்" என்றார். கத்தரி என்பது அடுத்த தெரு போட்டோக்காரனுக்கு ஊர் வைத்த பெயர். போன வருடம் ஒரு பையன் தலையைக் கவுன் போட்ட உடம்பில் ஒட்டிக் கொடுத்த மகான். "அம்மா, ஒட்டுப்போட்டா அது குரூப் போட்டோ இல்ல, பொய்" என்று வீராப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எங்கள் பரம்பரைச் சொத்து. உங்கள் வீட்டிலும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

மழை விட்டதும் சளி விடும், சளி விட்டதும் படம் எடு என்பதுதான் எங்கள் தொழிலின் பழைய கணக்கு. அதை நம்பி நாள் குறித்தேன். போய்ப் பார்த்தால் பாதி பெஞ்சு காலி. சரி, நல்ல வெயிலில் என்ன சளி வந்துவிடும் என்று தள்ளிப் போட்டேன். மண்டையைப் பிளக்கிற வெயிலில், மாப்பிள்ளை, வகுப்பே லொக்கு லொக்கு என்று இருமுகிறது! அதற்கடுத்த முறை, நான் சரியாக அமுக்கும் நேரத்தில் பின்வரிசை நெட்டையன் தும்ம, முன்வரிசை முழுக்கப் பிடரியைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்க, எனக்குக் கிடைத்தது வரிசை நிறைய முதுகு. அப்போதுதான் உங்களுக்குப் போன் போட்டுக் கத்தினேன். நீங்கள் சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "மச்சான், ஊரே அடைஞ்சு கிடந்தப்ப மத்த சளிக் கிருமிங்களுக்கும் பரவ வழியில்லாம போச்சு. சின்ன வயசுல ஒண்ணொண்ணா வந்து போக வேண்டியதெல்லாம் இப்ப வரிசை கட்டி வருது. எந்த மாசம் எது வரும்னு எங்களுக்கே பிடிபடல. காலண்டரைத் தூக்கிப் போடுங்க, பிள்ளைங்களைப் பாருங்க."

பார்த்தேன். தினமும் காலையில் பள்ளி வாசலில் காவலாளியோடு நின்று இருமலைக் கேட்டேன். வறட்டு இருமல் எது, சளி இருமல் எது என்று காது பழகிவிட்டது. காவலாளியும், "சார், இன்னைக்கு மூக்கு கொஞ்சம் குறைஞ்சிருக்கு" என்று சந்தை நிலவரம் சொல்வார். ஒரு சளி வகுப்பைச் சுற்றி முடித்துக் கிளம்பி, அடுத்தது உள்ளே நுழைவதற்குள் ஒரு இடைவெளி வராமலா போகும்? இதற்குள் தலைமையாசிரியை, "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிக்கலைன்னா கத்தரியைக் கூப்பிட்டுடுவேன்" என்று கெடு வைத்துவிட்டார். வியாழக்கிழமை ஒரே ஒருத்தன் பாக்கி, குண்டூசி என்று எல்லோரும் கூப்பிடும் ஒல்லிப்பயல். அவன் அப்பாவுக்குப் போன் போட்டு, "காய்ச்சல் விட்டுச்சா? இருமல் நின்னுச்சா? ஓடி விளையாடுறானா?" என்று உங்களைப் போலவே கேட்டேன். "நீங்க போட்டோக்காரரா, டாக்டரா?" என்றார் அந்த மனுஷர். "இந்த வருஷம் ரெண்டும்தாங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை குண்டூசி துள்ளிக்கொண்டு வந்தான். மரத்தடியில் பெஞ்சு போட்டு, எல்லோரையும் ஏற்றி, எண்ணி, மறுபடி எண்ணினேன். ஒரு தலை குறையவில்லை. ஆளுக்கொரு திசை பார்த்ததுகள், அதனால் டீச்சரை என் பக்கத்தில் நிறுத்திக் கைதட்டச் சொன்னேன். நடுவில் ஒரு காலி நாற்காலி கண்ணை உறுத்தியது. அதையும் தூக்கி ஓரமாகப் போட்டேன். முன்வரிசை ரெட்டைச் சடைக்காரி, "அங்கிள், நாங்க எல்லாரும் ஒரே கட்டத்துலயா இருப்போம்?" என்று கேட்டாள். "ஆமா தாயி, ஒரே கட்டம்தான்" என்றேன். உடனே பக்கத்தில் இருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்து அடுத்தவளும் பிடித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மாப்பிள்ளை. அந்தக் கண்ணோடுதான் அமுக்கினேன். ஒருவரும் தும்மவில்லை! காவலாளி விசில் அடித்தார். வீட்டுக்குக் கத்தரியின் கடை வழியாகத்தான் போனேன். அது சுற்று வழி.

படத்தின் ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது. உங்கள் அறையில் நாலு பேர் கண்ணில் படும்படி மாட்டவும். இந்த வெற்றியில் பாதி உங்களுடையது, முக்கால் என்னுடையது. தங்கைக்கு என் ஆசி. குழந்தைகள் நோய்நொடி அண்டாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
தலை நிமிர்ந்து நிற்கும் உங்கள் மச்சான்

பி.கு.: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் தலைமையாசிரியை கடைக்கு வந்தார். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "டீச்சர் எங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பெஞ்சில் இருந்தவர்களை எண்ணினேனே தவிர, என் பக்கத்தில் நின்று கைதட்டியவரை எண்ணவே இல்லை. மறுபடி எடுத்துவிடலாம் என்று டீச்சருக்குப் போன் போட்டால் அவருக்குக் குரலே வரவில்லை. வகுப்பில் இருந்த அத்தனை சளியையும் மொத்தமாக வாங்கிக்கொண்டு படுத்துவிட்டாராம். "அவங்களை மட்டும் கத்தரி ஒட்டிடட்டும்" என்கிறார் தலைமையாசிரியை. நான் இருக்கும்வரை அது நடக்காது. டீச்சர் எப்போது எழுந்து வருவார், அதற்குள் பிள்ளைகளை அடுத்த சளி பிடித்துவிடுமா, உடனே எழுதவும். காலையிலிருந்து எனக்கும் மூக்கு அரிக்கிறது; அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.