நாலு விரல் நீர்மட்டம்

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மச்சினி வீட்டுக்குப் போவதில்லை என்று நெவில் தீர்மானித்துவிட்டான். பன்பரி ஊரில் இருக்கும் மச்சினி ஐவி நல்லவள்தான். அவள் புருஷன்தான் தன் முழங்கால் ஆபரேஷனை, அங்கே தங்கும் பத்து நாளும் பாகம் பாகமாகச் சொல்வான். கேட்டுக் கேட்டு நெவிலுக்கே முழங்கால் வலிக்கும்.

போகாமலிருக்கச் சாக்கு கொல்லையில் தயாராக இருந்தது. பழைய குளியல் தொட்டி, அது நிறையச் சேறு, சேற்றில் பூச்சி பிடித்துத் தின்னும் குடுவைச் செடிகள். இவர்கள் ஊரான ஆல்பனியின் மண்ணிலேயே பிறந்தவைதான். தொட்டிக்குக் குடிவந்ததும் மாப்பிள்ளை முறுக்கு வந்துவிட்டது.

"நான் எப்படி வர்றது கோரலி? நம்ம ஊர்ல டிசம்பர்னா கோடை வெயில். தண்ணி மட்டம் எறங்கினா செடி செத்துடும்."

"அப்படியா? எவ்வளவு இருக்கணும்?"

மனைவி இதுவரை செடியைப் பற்றிக் கேட்டதே இல்லை. நெவில் உருகிப்போனான்.

"மண்ணுக்கு நாலு விரல் கீழ. ஏறினா வேர் அழுகும், எறங்கினா குடுவை காயும்."

"குழாய்த் தண்ணி விட்டா?"

"உப்பு. ஆகாது. மழைத் தண்ணி மட்டும்தான் குடிக்கும்."

"உன்னைவிட ஒழுக்கம். மழை கொட்டினா?"

"வழிய ஓட்டை வேணும். அதுக்குத்தான் ஆள் பக்கத்துல இருக்கணுங்கறேன்."

"ஆக, தண்ணி மட்டத்தைக் காட்டி என் தங்கச்சி வீட்டுக்கு மட்டம் போடுற."

"சேச்சே."

கிளம்பும் நாள் காலையில் கோரலி அவனைக் கொல்லைக்குக் கூப்பிட்டாள். செங்கல் அடுக்கின்மேல் மழைத் தண்ணீர் பீப்பாய். தொட்டியை ஒட்டி ஒரு சின்ன வாளி. மூன்றையும் இணைத்து ரப்பர் குழாய். வாளிக்குள் வால்வோடு ஒரு மிதவை.

"தண்ணி எறங்கினா மிதவையும் எறங்கும், குழாய் திறக்கும். ஏறினா தானா மூடிக்கும். மழைக்குத் தொட்டியோட பக்கவாட்டுல ஓட்டை போட்டுட்டேன்."

நெவில் மண்டியிட்டு அளந்தான். சரியாக நாலு விரல். நம்பாமல் இன்னொரு கையாலும் அளந்தான்.

"மிதவை ஏது? கடையெல்லாம் மூடியாச்சே."

"வீட்டுல இருந்ததுதான்."

அவனுக்குப் பெருமையாகவும் இருந்தது, சாக்கு போயிற்றே என்றும் இருந்தது. அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடினான். வேலை முடித்து, தண்ணீர் விட்டான். ஒரு தடவை போனதோடு சரி. கழிப்பறைத் தொட்டி மறுபடி நிரம்பவே இல்லை. மூடியைத் திறந்தான். மிதவையும் வால்வும் இருந்த இடம் காலி, தண்ணீர் வரும் குழாய் மூடியிருந்தது.

"கோரலி, வீட்டுல இருக்கறதே ஒரே டாய்லெட். பத்து நாள் நான் என்ன பண்றது?"

"நீ தாராளமா இரு செல்லம். வாளி கதவுக்குப் பின்னாடி இருக்கு."

நெவில் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"ஐவி வீட்டுல டாய்லெட் எத்தனை?"

"ரெண்டு."

நெவில் தன் பெட்டியைத் தேடினான். அது ஏற்கெனவே காரில் இருந்தது.