விஸ்வலிங்கம் சாரிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன்

ரேஸ் கோர்ஸ் ரோடு,
சிங்கப்பூர்.
8-2-1964

மதிப்புக்குரிய இராமசாமி மாமா அவர்களுக்கு,

சுப்பிரமணியம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம். வயிறும் நலம். ஈப்போவில் நீங்களும் அத்தையும் கமலாவும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். யாரிடம் என்று கேட்காதீர்கள்.

உங்கள் கடிதம் வந்தது. திங்கட்கிழமைக்குள் விஸ்வலிங்கம் சாரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வேலை போய்விடும் என்கிறீர்கள். கப்பல் கம்பெனியில் எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவர் நீங்கள். சார் உங்கள் சிநேகிதர். எனக்குத் தலைமைக் குமாஸ்தா. எல்லாம் சரி.

மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

அவர் உங்களுக்குப் பாதிதான் எழுதியிருக்கிறார். மீதி இது.

தைப்பூசம் ஊருக்கெல்லாம் விடுமுறை. கப்பலுக்குப் பஞ்சாங்கம் தெரியாது. ஒரு கப்பல் வருகிறது, எல்லோரும் வர வேண்டும் என்றார். அன்று தைப்பூசம் என்று நினைவூட்டினேன்.

“முருகன் பொறுப்பார் தம்பி. கப்டன் பொறுக்க மாட்டான்.”

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் படித்து, மனிதன் தனியாக இருக்கிறான் என்று தெரிந்துகொண்டவன். ஆனால் விடுமுறையில் எனக்கு நம்பிக்கை உண்டு. அது நம்பாதவனுக்கும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. ஆகவே காலையில் கோப்பிக் கடையிலிருந்து போன் செய்து, வயிற்றுவலி என்று சொன்னேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து இரண்டு முட்டை புரோட்டா சாப்பிட்டேன். மாலைவரை படுத்துப் படிப்பதாகத் திட்டம்.

கீழ்வீட்டு மருதப்பன் அண்ணன் பெருமாள் கோயிலிலிருந்து பால்காவடியோடு எங்கள் வாசல் வழியாக வந்தார். லாரி ஓட்டுகிறவர். மகள் காய்ச்சலில் பிழைத்ததற்கு நேர்த்தி. “தம்பி சும்மாத்தானே இருக்கீங்க, தண்ணிச் செம்பைத் தூக்கிட்டு வாங்க” என்றார். செம்புக்குக் கொள்கை கிடையாது. போனேன்.

சிலிகி ரோட்டில் அவர் கெண்டைக்காலில் சதை பிடித்துக்கொண்டது. இனி நடந்ததை நிறுத்தி நிறுத்தி எழுத முடியாது மாமா, ஏனென்றால் அங்கே யாரும் நிறுத்தவில்லை, காவடியைக் கீழே வைக்கக் கூடாதாம், வைத்தால் நேர்த்தி போச்சு என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்த, ஒரு நிமிஷம் பிடிங்க தம்பி என்று அண்ணன் என் தோளில் ஏற்ற, நான் பிடித்தேன், அந்த ஒரு நிமிஷத்தில் யாரோ என் சட்டையைக் கழற்றினார்கள், யாரோ விபூதியை அள்ளிப் பூசினார்கள், காலில் கிடந்த சப்பாத்து போன இடம் இன்றுவரை தெரியாது, தார் ரோடு தோசைக்கல் மாதிரி கொதிக்குது, நான் அவர் மனைவி பூவம்மாவிடம், அக்கா, நான் சாமி கும்பிடாதவன், அதோடு காலையில் முட்டை புரோட்டா தின்னவன் என்று உண்மையைச் சொன்னேன்.

“மெதுவாச் சொல்லுங்க, முருகன் காதுல விழப்போவுது” என்றார்.

மருதப்பன் அண்ணன் நொண்டிக்கொண்டே காவடியில் ஒரு கை வைத்தபடி வந்தார். “நேர்த்தி என்னோடது. தோள் மட்டுந்தான் உங்களோடது. நடங்க.”

நடந்தேன். ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கி என் முன்னால் காட்டினாள். குழந்தை அழுதது. என்னைப் புரிந்துகொண்டது அது ஒன்றுதான்.

ஆர்ச்சர்ட் ரோடு திருப்பத்தில் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்ற ஆட்கள் நின்றார்கள். ஒருவர் குனிந்தார். ஊற்றினார். இரண்டு கையாலும் என் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வழுக்கை. காதில் ஆபீஸ் பென்சில். நிமிர்ந்தார்.

“சுப்பிரமணியம்?”

“சார்.”

“வயித்துக்குத்து எண்டீர்.”

“இப்ப பரவாயில்ல சார்.”

பின்னால் நின்ற காவடிக்காரர், “நகருங்க லா, ஆபீஸ் பேச்ச ஆபீஸ்ல பேசுங்க” என்றார். சாரின் மனைவி குணவதி அம்மா அவரை இடித்தார். “காவடி காவிக்கொண்டு நிக்கிற பிள்ளையோட என்ன கதை? விபூதி வாங்குங்கோ.”

அவர் தலையைக் குனிந்தார். நான் பூசினேன். வேறென்ன செய்ய.

டேங்க் ரோடு கோயிலில் பால் சேர்ந்தது. மருதப்பன் அண்ணன் அழுதார். நான் அழவில்லை. வியர்வை.

மறுநாள் விஸ்வலிங்கம் சார் என் மேசைக்கு வந்து, “நேற்று பொய் சொல்லி நிண்டதுக்கு ஒரு மன்னிப்பு எழுதித் தாரும்” என்றார். நீங்கள் எங்கே இருந்தீர்கள் சார் என்று கேட்டேன். மற்றவர்களைச் சாப்பிட அனுப்பி, ஆபீசைப் பூட்டிவிட்டுப் பத்து நிமிஷம் போனாராம். கப்பலோ அன்று வரவேயில்லை. அதற்குப் பிறகுதான் உங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

யோசித்துப் பாருங்கள் மாமா. காலைத் தொட்டுக் கும்பிட்ட ஒருவரிடம், அந்தக் காலின் சொந்தக்காரன் எப்படி மன்னிப்புக் கேட்பது? கேட்டால் அது அவருக்குத்தான் அவமானம். வேலை போகட்டும். பட்டினி கிடக்கிறேன். நான் செய்ததில் மறைக்க ஒன்றுமில்லை. யாரிடம் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

அத்தைக்கு என் வணக்கம். கமலாவுக்கு அன்பு. நீங்கள் என்னைத் திட்டினாலும், திட்டி முடித்ததும் வழக்கம்போல் ஆசீர்வதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மருமகன்
சுப்பிரமணியம்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் விஸ்வலிங்கம் சார் வீட்டுக்கே வந்துவிட்டார். தைப்பூசத்தன்று கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை ஆபீசுக்குப் போன் செய்தாராம். எடுக்க ஆளில்லை. எழுத்தில் விளக்கம் கேட்கிறார். சார் என் கட்டிலில் உட்கார்ந்து, “உம்மட இங்கிலீஷ் நல்லம். எழுதும்” என்றார். அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. எழுதினேன். வாசித்துவிட்டு, “நல்லாயிருக்கு. இன்னொண்டு இதே மாதிரி எழுதி அதில உம்மட கையெழுத்தைப் போடும். ரெண்டையும் சேர்த்தே குடுப்பம்” என்றார்.

போட்டுவிட்டேன். இருவருக்கும் காரணம் வயிற்றுவலி.

போகும்போது ஒன்று சொன்னார். நான் பூசிய விபூதியில் மீதியைக் குணவதி அம்மா சாமி மாடத்தில் வைத்திருக்கிறாராம். ஆகவே மாமா, தயவுசெய்து, அந்த முட்டை புரோட்டா விஷயம் மட்டும் அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.