ஞானசிகாமணி வாங்கிய நாலு ஷாக்கு

மனைவியை மலைக்கு அழைத்துப் போவதென்று ஞானசிகாமணி முடிவெடுத்தார். ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையிலேயே அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, இனி ஆயுசுக்கும் ஜீப் நிற்கிற திசையில் தலைவைத்துப் படுக்கக் கூடாது.

போடி பஜாரில் அவருக்குப் பலசரக்குக் கடை. சர்ச்சில் கமிட்டிச் செயலாளர். போடிமெட்டுக்கு மேலே பத்து ஏக்கர் ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. அது மாமனார் தன் மகள் கிருபாவதிக்குச் சீதனமாகக் கொடுத்தது. தோட்டம் அவளுக்கு; அங்கே போகிற உரிமை மட்டும் எட்டு வருடமாக இவருக்கு. ஏலத்துக்காகவே பட்டாளத்து ஏலத்தில் எடுத்த ஒரு பழைய ஜீப்பில், சனிக்கிழமைதோறும் காலையில் மேற்பார்வைக்குக் கிளம்புவார். அன்று கடையில் கிருபாவதி உட்காருவாள்.

மேற்பார்வை என்பது, தோட்டத்து வீட்டு வராந்தாவில் பக்கத்துத் தோட்டக்காரர் அழகரோடும் பூப்பாறையிலிருந்து வரும் இரண்டு பேரோடும் ரம்மி ஆடுவது. நடுவில் கப்பக்கிழங்கும் மீன்குழம்பும். இறங்குவதற்கு முன் ஒரு செடியையாவது தொட்டுப் பார்ப்பார். மனச்சாட்சி உள்ள மனுஷர்.

கிருபாவதி வருடா வருடம் கேட்டாள். முதல் வருடம் அட்டை கடிக்கும் என்றார். அடுத்த வருடம் யானை. அதற்கடுத்து மூடுபனி. கடைசியில் ஜீப்பின் ஷாக் அப்சார்பர் நாலும் செத்துப்போனது அவருக்கு வரமாக வந்து சேர்ந்தது. அந்த உறுப்பை முழுப் பெயர் சொல்லிப் போடியில் யாரும் கூப்பிடுவதில்லை. ஷாக்கு என்பார்கள். வாய்க்கு வந்தபடி சொன்னால் சாக்கு.

"சாக்கு போயிருச்சு கிருபா. உன் இடுப்புக்கு ஆகாது."

"எட்டு வருசமா உங்ககிட்டச் சாக்குக்கு என்ன பஞ்சம்? கெட்டதைக் கழட்டிப் போட்டுப் புதுசு மாட்டுங்க. வார சனிக்கிழமை நான் வாரேன்."

"கடையை யாரு பாக்குறது?"

"பூட்டு பாத்துக்கிடும்."

பேச்சு முடிந்துவிட்டது. அப்போதுதான் ஞானசிகாமணி மேற்படி முடிவுக்கு வந்தார். மறுநாளே தேனிக்குப் பஸ் ஏறினார்.

தேனியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த கர்ணன் தொழில் தெரிந்த ஆள். எடுத்த எடுப்பில் சாமானைக் காட்டமாட்டார். எந்த ரோடு, எத்தனை ஆள், எவ்வளவு பாரம் என்று கேட்டுவிட்டுத்தான் அலமாரியைத் திறப்பார். கவுண்டர் மேல் மூன்று தினுசை எடுத்து வைத்தார்.

"இது சாஃப்டு. புள்ளத்தாச்சியக் கூட்டிட்டுப் போகலாம். ஆனா மலைரோட்டுக்கு ஆறு மாசம்தான் தாங்கும். இது நடுத்தரம், உங்களுக்கு இதுதான் தோது. அந்தா தடியா இருக்கே, அது லோடு வண்டிக்கு. அமுக்கினா லேசுல அமுங்காது. வெறும் வண்டியில மாட்டுனீகன்னா பல்லு பூராம் ஆடிப்போகும்."

ஞானசிகாமணியின் கண் தடியான ஷாக்கைவிட்டு அகலவில்லை. கையால் அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை. பெண் பார்க்கப் போனபோதுகூட முகத்தில் அத்தனை வெளிச்சம் இருந்திருக்காது.

"இதுலயே நாலு குடுங்க."

"எத்தனை மூட்டை ஏத்துவீக?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒரு மூட்டைக்கா இது?"

"அது பேசுற மூட்டைய்யா. கட்டிக் குடுங்க."

வெள்ளிக்கிழமை காலையில் மெக்கானிக் சுருளியாண்டி வீட்டு வாசலிலேயே ஜீப்புக்கு அடியில் படுத்து நாலையும் மாட்டினார். கிருபாவதி அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்து, கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டுப் போனாள். ஞானசிகாமணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மத்தியானம் தன்னந்தனியாக முந்தல் வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். மலையடிவாரம் போய்ச் சேருவதற்குள் நாக்கை இரண்டு முறை கடித்துக்கொண்டார். மூக்குக் கண்ணாடி மடியில் விழுந்தது. கூழாங்கல் ஒன்றின் மேல் ஏறினால்கூட அது நேராக முதுகுத்தண்டு வழியாக மண்டைக்கு வந்து தந்தி அடித்தது. திரும்பி வந்து இறங்கும்போது நிமிர முடியவில்லை. ஆனாலும் சீட்டியடித்துக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

"எப்படி இருக்கு வண்டி?" என்றாள் கிருபாவதி.

"பூவாட்டம் இருக்கு."

சனிக்கிழமை காலை குளித்து, பவுடர் போட்டு வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றார். ஜீப்பின் பின்பக்கத்தைக் காணவில்லை. அது நிறையப் பெண்கள் இருந்தார்கள். கிருபாவதியின் அக்கா சொர்ணலதா ஓடைப்பட்டியிலிருந்து திராட்சைக் கூடையோடு வந்திருந்தாள். பக்கத்தில் பாஸ்டரின் சம்சாரம் ஞானபாக்கியம். அவரைச் சுற்றி சர்ச் மாதர் சங்கத்து அம்மாமார் ஐந்து பேர். காலடியில் நாலு மூட்டை. அரிசி, பருப்பு, தேங்காய், பாத்திரம்.

"இது என்ன கிருபா?"

"மாதர் சங்க ஜெபக்கூட்டத்தை இன்னைக்கு நம்ம தோட்டத்துல வச்சிருக்கு. ஏறுங்க, நேரமாச்சு."

ஞானசிகாமணிக்கு அழகரின் ஞாபகம் வந்தது. வராந்தாவில் இந்நேரம் பாய் விரித்திருப்பார். மலைக்குத் தகவல் சொல்ல போன் கிடையாது. ஒரே நம்பிக்கை அந்த நாலு ஷாக்குதான். பாதி வழியிலேயே எல்லாரும் கதறி வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார்கள் என்று தெம்பாக ஸ்டார்ட் செய்தார்.

முந்தல் தாண்டியது. கொண்டை ஊசி வளைவுகள் வந்தன. ஒருவரும் கதறவில்லை. பாரம் அமுக்கிப் பிடித்ததில் ஜீப் தொட்டில் மாதிரி அசைந்து ஏறியது. பெரிய பள்ளமாகத் தேடித் தேடி இறக்கினார். வண்டி ஒரு தடவை மெத்தென்று தாழ்ந்து நிமிர்ந்தது. ஞானபாக்கியம் அம்மா தூங்கிப்போனார். மற்றவர்கள் கீர்த்தனை பாடினார்கள்.

"வண்டி என்னமாப் போகுது" என்றாள் சொர்ணலதா. "மச்சான் நல்ல சாக்காப் பாத்து வாங்கியிருக்காக."

"சுருளியாண்டி அண்ணன்கிட்டக் கேட்டேன்" என்றாள் கிருபாவதி, முன்சீட்டிலிருந்து ரோட்டைப் பார்த்தபடியே. "இது லோடு வண்டிக்குள்ளதாம்ல. ஒத்த ஆளாப் போனா எலும்பு கழண்டுரும், எட்டு ஆளும் நாலு மூட்டையும் ஏத்துங்க தங்கச்சின்னு சொன்னாக. நீங்க எல்லாரையும் மனசுல வச்சுத்தான் வாங்கியிருக்கீக. அது தெரியாம உங்களைத் தப்பா நெனைச்சேன்."

ஞானசிகாமணி கியரை மாற்றினார்.

ஒரு வளைவில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது கிருபாவதி இறங்கிக் கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போனாள். கீழே போடி உள்ளங்கை அளவுக்கு இருந்தது. அதற்கு அப்பால் தென்னையும் வயலும் திராட்சைப் பந்தலுமாகப் பச்சை போய்க்கொண்டே இருந்தது.

"அப்பா தோட்டம் போடையில இம்புட்டுத் தூரமும் நடந்தே ஏறுவாக" என்றாள். "இப்பத்தான் பாக்குறேன்."

ஞானசிகாமணிக்கு ஒரு கணம் என்னவோ போல இருந்தது. தோட்டம் நெருங்க நெருங்க அந்த உணர்ச்சி போய், அழகர் விரித்திருக்கும் பாய் மட்டுமே கண்ணில் நின்றது.

ஜீப் சத்தம் கேட்டதுமே வராந்தாவிலிருந்து அழகரின் குரல் வந்தது. "வாங்க செயலாளரே. சீட்டைக் கலைச்சுப் போட்டு அரைமணி நேரமாச்சு."

ஞானபாக்கியம் அம்மா முழித்துக்கொண்டார். வராந்தாவில் பாய், பாயில் சீட்டு, சீட்டைச் சுற்றி மூன்று பேர். ஓரத்தில் மீன்குழம்புச் சட்டி. அம்மா சீட்டைப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்தார். கமிட்டிப் பதவி கண்ணெதிரே மலை இறங்கிப் போவது ஞானசிகாமணிக்குத் தெரிந்தது.

கிருபாவதி நிதானமாக இறங்கினாள்.

"பாத்தீகளாம்மா. இந்த மூணு பேருக்குந்தான் எட்டு வருசமாச் சனிக்கிழமை தவறாம வந்து இவுக நல்ல வார்த்தை சொல்லிட்டுப் போறாக. மழைன்னு பாக்க மாட்டாக, காய்ச்சல்னு பாக்க மாட்டாக. இன்னமும் சீட்டை விடலை பாருங்க. ஒத்த ஆளா என்ன செய்வாக? அதுக்குத்தான் உங்களை எல்லாம் கூட்டியாந்தேன்."

ஞானபாக்கியம் அம்மாவின் கண் கலங்கியது. "செயலாளர் ஐயா, இதை நீங்க வெளியில சொல்லவே இல்லியே" என்றார்.

"சொல்லுறதுக்கு என்னம்மா இருக்கு" என்றார் ஞானசிகாமணி. அது உண்மைதான்.

அழகர் வாயைத் திறந்தார். கிருபாவதி ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டார். அடுத்த இரண்டு மணி நேரம் மூன்று பேரும் சம்மணம் போட்டு உட்கார்ந்து கீர்த்தனை கேட்டார்கள். நிறைவு ஜெபத்தை ஞானசிகாமணியே செய்ய வேண்டியிருந்தது. சீட்டாட்டத்தின் கேடுகளைப் பற்றி அவர் ஜெபித்ததைப் போல விவரம் தெரிந்து ஒருவரும் ஜெபித்ததில்லை என்று மாதர் சங்கத்தில் பேசிக்கொண்டார்கள். மத்தியானம் கப்பையும் மீன்குழம்பும் அம்மாமாருக்கே சரியாகிப் போனது. அதற்குப் பிறகு கிருபாவதி பத்து ஏக்கரையும் நடந்து பார்த்தாள். நிழல் மரம் பட்டுப்போன இடம், தண்ணீர் தேங்கின இடம், தொட்டே பார்க்காத செடிகள், ஒன்று விடவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஞானசிகாமணி விடிந்ததும் வாசலுக்கு வந்தார். ஜீப் நிறைந்திருந்தது. டிரைவர் சீட்டில் சுருளியாண்டி.

"நான் எங்கன உக்காருறது?" என்றார்.

"எட்டு வருசம் ஒண்டியா அலைஞ்சுட்டீக. இனிமேப்பட்டு நான் பாத்துக்கிடுறேன்" என்று கிருபாவதி கடைச்சாவியை அவர் கையில் வைத்தாள்.

ஜீப் ஒரு குலுக்கல்கூட இல்லாமல் தெருமுனை திரும்பியது. ஷாக்கு என்னவோ நல்ல ஷாக்குத்தான்.