சிக்னல் நடுவில் ஒரு நிமிஷம்

இடுப்பின் இடது பக்கத்தில் யாரோ உளியை வைத்துத் தட்டுவது போலிருந்தது முசெம்பிக்கு. ஏற்றத்தில் கைவண்டியை நிறுத்திப் பிடிப்பது, இழுப்பதைவிடக் கொடுமை. இழுத்தால் வலி காலோடு இறங்கிப் போகும். நின்றால் இடுப்பிலேயே குடியிருக்கும்.

வண்டி நிறைய மீன் பெட்டிகள். பெட்டிக்குள் ஐஸ். ஐஸ் உருகிப் பலகை இடுக்கு வழியாக அவன் குதிகாலில் சொட்டிக்கொண்டிருந்தது.

எதிரே பச்சை விழுந்தது. யாரும் அசையவில்லை. பிறகு சிவப்பு விழுந்தது. அப்போதும் யாரும் அசையவில்லை. நைரோபியின் இந்த நாலு ரோட்டில் விளக்கு அது பாட்டுக்கு எரியும், அணையும். நடுவில் பளபளக்கும் மஞ்சள் கோட்டும் விசிலுமாக நிற்பவர் கை எந்தப் பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கத்துக்குத்தான் வழி. அந்தக் கை முசெம்பியின் பக்கம் திரும்பி வெகு நேரமாகிவிட்டது.

சட்டைப் பையில் போன் அலறியது. அடோங்கோ. சந்திக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில்தான் அவள் சாப்பாட்டுக் கடை.

"எங்கய்யா இருக்க?"

"சிக்னல்ல அக்கா."

"இதைத்தான் முன்னாடியும் சொன்ன. எண்ணெய் காஞ்சுக்கிட்டு இருக்கு. வந்தவனெல்லாம் தட்டைத் தட்டுறான். இன்னைக்கு மீன் நாறிச்சுன்னா நாளையிலேருந்து பிக்கப்காரன்தான் எனக்குச் சுமை எடுப்பான். சொல்லிட்டேன்."

வைத்துவிட்டாள். தினமும் தவறாமல் கிடைக்கும் ஒரே சுமை அவளுடைய மீன்தான். மற்றதெல்லாம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் பட்டினி.

"சார்! ஆபீசர் சார்! மீனு சார்!" என்று கத்தினான்.

கோட்டுக்காரர் திரும்பினார். அவனைப் பார்த்தார். வண்டியை அதைவிட அதிக நேரம் பார்த்தார். பிறகு விரலை ஆட்டி அழைத்தார். அபராதம்தான் என்று நினைத்து, சக்கரத்துக்குக் கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு ஓடினான்.

"வலது டயர்ல காத்துக் கம்மி. அதான் இழுக்க மாட்டேங்குது," என்றார் அவர்.

"ஆமா சார். ஐஸ் உருகுது சார்."

"உன்னை விடுறேன். எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணு. காலையிலேருந்து அடக்கிக்கிட்டு நிக்கிறேன். ஒரு நிமிஷம் இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு நில்லு. ஒதுங்கிட்டு வந்ததும் நாலு பக்கத்தையும் நிறுத்தி உன் வண்டியத்தான் முதல்ல விடுவேன்."

"நான் வண்டி இழுக்கறவன் சார்!"

"ரெண்டு கை இருக்குல்ல? அது போதும்."

அவன் வாய் மூடுவதற்குள் கோட்டு தோளில் ஏறிவிட்டது. விசில் கைக்கு வந்துவிட்டது. அந்த மனிதர் பஸ்களுக்கு நடுவே நுழைந்து மறைந்தார்.

ஒரு நிமிஷம் போனது. இன்னும் சில போயின. கை நம்ம கைதானே, நம்ம பக்கத்துக்கே காட்டினால் என்ன என்று முசெம்பிக்குத் தோன்றியது. விசிலை ஊதினான். மூன்று பக்கத்தையும் நிறுத்தித் தன் பக்கத்தைப் பார்த்து வா வா என்றான்.

ஒரு வண்டியும் வரவில்லை. ஹாரன் மட்டும் வந்தது. அந்தப் பக்கத்தில் முதலாவதாக வழியை அடைத்துக்கொண்டு நின்றது அவனுடைய கைவண்டி.

அதற்குப் பின்னால் நின்ற மட்டாட்டு வேனின் கதவில் கண்டக்டர் கிப்டூ தொங்கிக்கொண்டிருந்தான். "ஆபீசர்! எந்தக் கழுதையோ வண்டிய நடுரோட்டுல போட்டுட்டுப் போயிருக்கு!"

"வந்துருவான்," என்றான் முசெம்பி.

"எங்க போய்த் தொலைஞ்சான்?"

"ஏதோ அவசரமாப் போயிருப்பான். நல்ல மனுஷன்தான்."

"நல்ல மனுஷனா? கையில கிடைக்கட்டும், அவன் மூஞ்சிய அந்த ஐஸ் பெட்டியிலயே அமுக்குறேன்."

முசெம்பி கோட்டின் மேல் பொத்தானையும் போட்டுக்கொண்டான்.

தானே போய் இழுத்துவிடலாம்தான். ஆனால் கோட்டு நடுவைவிட்டு நகர்ந்தால் மூன்று பக்கமும் பாய்ந்துவிடும். அதனால், "தள்ளி ஓரமா விடுங்கப்பா!" என்று உத்தரவு போட்டான்.

கிப்டூவும் நாலைந்து பயணிகளும் இறங்கிக் கோபத்தோடு தள்ளினார்கள். சுமை தள்ளிப் பழகாத கோபம் அது. எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. வண்டி ஏற்றம் தாண்டி, அவர்கள் கையைவிட்டு நழுவி, நேராக நடுச்சந்திக்கு உருண்டு வந்தது. பதறிப்போன முசெம்பி அதைப் பிடிக்க இரண்டு கைகளையும் அகல விரித்தான். வண்டி அவன் காலடியில் வந்து நின்றது. வலது டயர் புஸ்ஸென்று படுத்துவிட்டது.

விரிந்த இரண்டு கைகளையும் சந்தியே பார்த்தது. வலது பக்கத்து பஸ் தன்னைக் கூப்பிடுகிறார் என்று பாய்ந்தது. இடது பக்கத்து பீர் லாரி தன்னைத்தான் என்று பாய்ந்தது. கண் மூடித் திறப்பதற்குள் கைவண்டியைச் சுற்றி எல்லாம் முட்டிக்கொண்டு நின்றன.

"எனக்குத்தான் கையக் காட்டினாரு!" என்றான் லாரிக்காரன்.

"உனக்கு இடது கைடா. எனக்கு வலது கை. எது பெருசு?" என்றான் பஸ்காரன்.

டை கட்டிய ஒருவர் கார்க் கண்ணாடியை இறக்கினார். "எனக்குப் பச்சை விழுந்திருக்கு."

 பஸ் முழுக்கச் சிரித்தது.

"லைட்டப் பாத்தா ஓட்டுறீங்க? எந்த ஊரு சார் உங்களுக்கு?"

முசெம்பி விசிலை ஊதி ஊதி பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொன்னான். பஸ் ஒரு முழம் பின்வாங்கியது. அந்த ஒரு முழத்தில் லாரி மூக்கை நுழைத்தது. லாரி விட்ட இடத்தில் மூன்று பைக் டாக்சிகள் புகுந்தன. இப்போது யாராலும் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. கீழே பார்த்தான். பலகை இடுக்கில் சொட்டுவது நின்றுவிட்டது. உருக இனி ஐஸ் இல்லை.

மீன் திருப்பும் கரண்டியோடு வண்டிகளுக்கு இடையே பிதுங்கி வந்தாள் அடோங்கோ.

"ஆபீசர், ஒரு கைவண்டிக்காரன் இந்தப் பக்கமா..." நிறுத்தினாள். "முசெம்பி! இதென்னய்யா வேஷம்?"

ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கிப்டூ கதவிலிருந்து குதித்தான். "அப்ப இவன்தான் அந்தக் கழுதையா?"

பஸ்காரன் இறங்கினான். லாரிக்காரன் கையில் ஜாக்கிக் கம்பியோடு இறங்கினான். வட்டம் சுருங்கியது. முசெம்பியின் முதுகு தன் வண்டியிலேயே இடித்தது. ஒதுங்க இடமில்லை.

"அடிக்காதீங்கண்ணே! ஆபீசர்தான் போட்டுவிட்டுட்டுப் போனாரு. இப்ப வந்துருவாரு. என் வண்டியத்தான் முதல்ல விடுறேன்னு வாக்குக் குடுத்திருக்காரு!"

அடோங்கோ பெட்டியைத் திறந்தாள். ஒரு மீனின் செவுளை விரலால் விரித்து முகர்ந்தாள். எல்லோரும் அவள் மூக்கையே பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் தாங்கும்," என்றாள். கரண்டியை லாரிக்காரனின் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். "யாரும் கை வெக்காதீங்க. அந்த ஆபீசர் வரட்டும். வந்து, நான்தான் இவனை நிறுத்தினேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். சொன்னா, நாளைக்கும் நீயே சுமை எடு முசெம்பி. வரலைன்னா மீனைத் தூக்கிக்கிட்டு நான் போயிருவேன். நீயாச்சு, இவங்களாச்சு."

அப்போது பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே ஒரு கெட்டில் முளைத்தது. அதன் பின்னால் நியம்புரா வந்தாள். சிக்னல் கம்பத்தடியில் டீ விற்பவள். நெரிசல் எவ்வளவோ வியாபாரம் அவ்வளவு என்பதால், அவள் முகத்தில் மட்டும் நிம்மதி இருந்தது.

"அக்கா! ஒதுங்கப் போன ஆபீசர் அந்தப் பக்கம்தானே இருக்காரு? கொஞ்சம் வரச் சொல்லுங்களேன்!" முசெம்பி கெஞ்சினான்.

நியம்புரா அவன் கோட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கோப்பையில் டீயை ஊற்றினாள்.

"ஆபீசரா? அவரு போன மழைக்கு முட்டைக்கோசு இழுத்துக்கிட்டு வந்த வண்டிக்காரருய்யா, ஒரு நிமிஷம்னு எவனோ மாட்டிவிட்டுப் போன கோட்டு அது, இன்னைக்குத்தான் ஆள் கிடைச்சுதுன்னு தன் வண்டிய எடுத்துக்கிட்டு ஊருக்கே போயிட்டாரு; அவரு காலையில குடிச்ச ரெண்டு டீக்கு இன்னும் காசு வரலை, கோட்டைப் போட்டிருக்கறவன்கிட்ட வாங்கிக்கன்னு சொல்லியிருக்காரு."